ஐ.டி.ஐ.-க்குப் பயிற்றுநர்: வருகிறவரை எடுப்பதா, தேடிப் போவதா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில நாளிலேயே தனியார் ஐ.டி.ஐ. வாசலில் பெற்றோர் வந்து நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். போன வருஷம் பாதியில் போன ஃபிட்டர் பயிற்றுநரின் ஞாபகம் தாளாளருக்கு அப்போதுதான் வரும். செய்தித்தாளில் ‘பயிற்றுநர் தேவை’ என்று நாலு வரி விளம்பரம், வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி, வருகிறவர்களில் சொன்ன சம்பளத்துக்கு ஒத்துக்கொள்கிறவருக்கு வேலை. பெரும்பாலான இடங்களில் ஆள் எடுப்பது இவ்வளவுதான்.

திருச்சி வட்டாரத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். திருவெறும்பூர் பக்கம் பெல் கொதிகலன் தொழிற்சாலை, துவாக்குடி வரைக்கும் அதற்கு வேலை செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், நகரத்தை ஒட்டிப் பொன்மலை ரயில்வே பணிமனை. கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். இங்கேயே ‘நல்ல பயிற்றுநர் கிடைப்பதில்லை’ என்ற புலம்பல் ஓயவில்லை என்றால், குறை ஆட்களிடம் இல்லை, தேடுகிற விதத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர்கள் மூன்று வகை: ஆலையில் ஓய்வு பெற்றவர், டிப்ளமோவோ பொறியியலோ முடித்த இளைஞர், வேறொரு ஐ.டி.ஐ.யிலிருந்து மாற நினைக்கும் பயிற்றுநர். இவர்கள் தவிர, வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாக வரக்கூடியவர் ஒருவர் உண்டு. அவரை நாம்தான் கேட்க வேண்டும். ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். விளம்பரத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விதி. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளின் பாடத்திட்டத்திலேயே மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் பயிற்றுநரின் தகுதியை எழுதிவைத்திருக்கிறது. பொறியியல் பட்டம் என்றால் ஓராண்டு அனுபவம், டிப்ளமோ என்றால் இரண்டாண்டு, ஐ.டி.ஐ. சான்றோ, ஆலையில் தொழில் பழகியதற்கான அப்ரண்டிஸ் சான்றோ மட்டும் என்றால் மூன்றாண்டு. மூவருக்குமே கைவினைப் பயிற்றுநர் சான்று, அதாவது எல்லோரும் சி.ஐ.டி.எஸ். என்று சொல்லும் படிப்பின் சான்று, கட்டாயம். இதன் கீழேயே இன்னொரு வரி இருக்கிறது, அதை ஆய்வுக்கு முந்தின நாள்தான் பலர் படிக்கிறார்கள்: முதலாண்டு ஒன்று, இரண்டாமாண்டு ஒன்று என்று இரண்டு யூனிட்டுக்கு, அதாவது இரண்டு மாணவர் குழுவுக்கு, இரண்டு பயிற்றுநர் தேவைப்படும்போது, ஒருவர் பட்டமோ டிப்ளமோவோ படித்தவராகவும், மற்றவர் ஐ.டி.ஐ. அல்லது அப்ரண்டிஸ் சான்று உள்ளவராகவும் இருக்க வேண்டும்.

இதைக் காகிதத் தொல்லையாகப் பார்க்கிறவர்கள் அதிகம். எனக்கென்னவோ இதைவிட நல்ல யோசனையை யாரும் சொன்னதில்லை என்று தோன்றுகிறது. எல்லாம் தெரிந்த ஒரே ஆளைத் தேடி அலையாதே, இரண்டு விதமான ஆட்களைச் சேர்த்து வை என்கிறது விதி. நேர்காணலில் நாம் செய்வதோ நேர்மாறு. 2022-இல் திருத்திய பாடத்திட்டத்தில் முதலாண்டுச் செய்முறைக்கு 840 மணி நேரம், தொழில் அறிவுப் பாடத்துக்கு 240 மணி நேரம். அந்த 240 மணி நேரத்தை யார் நன்றாக நடத்துவார் என்பதைத்தான் நேர்காணலில் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கிறோம். 840 மணி நேரம் பட்டறையில் யார் நிற்பார் என்று பார்ப்பதே இல்லை.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

ஓய்வு பெற்றவர்

பெல்லிலோ பொன்மலையிலோ 60 வயது வரை, தனியார் ஆலை என்றால் பெரும்பாலும் 58 வரை, வேலை பார்த்துவிட்டு வருகிறவர். முப்பது வருஷக் கை. கொதிகலன் குழாய் வெல்டிங் செய்தவர் என்றால், இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைப்படி தேர்வு எழுதி, சான்றை அவ்வப்போது புதுப்பித்து, எக்ஸ்ரே படத்தில் தன் வேலையைத் தானே பார்த்துக் கூசியவர். மாணவன் போட்ட வெல்டிங் வரியைப் பார்த்தாலே ‘ஆர்க் நீளமாப் புடிச்சிருக்க, கையும் ஓடுது’ என்று சொல்லிவிடுவார். வெல்டிங் ஓரத்தில் பள்ளம் (அண்டர்கட்) ஏன் வந்தது, துளை ஏன் விழுந்தது என்பதற்கு அவர் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. பழைய மேற்பார்வையாளர்களோடு இன்னும் பேச்சுவார்த்தை இருப்பதால், நம் பையன்களை வேலைக்கு அனுப்பும் நேரத்தில் அவருடைய ஒரு தொலைபேசி அழைப்பு நம் நிலையத்தின் பத்து கடிதங்களைவிட வேலை செய்யும்.

தொல்லைகளும் உண்டு. தனக்குப் பழகிப்போன வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்ல வராது. ‘இப்படித்தான்’ என்று செய்து காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இருபது பேரில் முன்னால் நின்ற நாலு பேருக்குத்தான் அது தெரிந்திருக்கும். பாடக்குறிப்பு, செய்முறை விளக்கக் குறிப்பு, வருகைப் பதிவு, மாதாந்திர மதிப்பெண் எதையும் எழுத மாட்டார், எழுதச் சொன்னால் முகம் மாறும். பயிற்றுநர் சான்று பெரும்பாலும் இருக்காது. அனுபவத்தை அங்கீகரித்துச் சான்று தரும் வழியை விதி ஏற்கிறது என்றாலும், அந்த வயதில் போய்த் தேர்வு எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வூதியம் வாங்கும் ரயில்வேக்காரர் நம் சம்பளத்தை நம்பி வருவதில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, பையன்களோடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று வருகிறார். அப்படி வருகிறவர் பெரும்பாலும் மனதோடு கற்றுத் தருவார். ஆனால் முதல்வர் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டால் மறுநாள் வர மாட்டார். இவரை வைத்துக்கொள்வது சம்பளக் கணக்கைவிட மரியாதைக் கணக்கு.

டிப்ளமோ, பொறியியல் இளைஞர்

பதிவேடு அத்தனையும் ஒழுங்காக இருக்கும். கணினியில் நடக்கும் அகில இந்தியத் தொழில் தேர்வுக்குப் பையன்களைத் தயார் செய்வார். ஓம் விதியிலிருந்து மோட்டாரை ஓட்டத் தொடங்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வரை கரும்பலகையில் படம் போட்டு விளக்குவார். எலக்ட்ரீஷியன் பிரிவில் இது பெரிய விஷயம். அங்கே ‘ஏன்’ என்பது தெரியாமல் கையை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

இவரிடம் பயம் இரண்டு. ஒன்று, பட்டறை. நாலு வருஷப் பொறியியலில் அரம் பிடித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனக்கே வராத வேலையை மாணவன் கேட்டால், சிலர் ‘அதெல்லாம் போகப் போக வரும்’ என்று தப்பிப்பார்கள். ஐ.டி.ஐ. பையன்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். அதற்கப்புறம் வகுப்பு அவர் கையில் இருக்காது. இரண்டாவது, இவர் காத்திருக்கிறார். டி.என்.பி.எஸ்.சி. தொழில்நுட்பப் பணித் தேர்வு, மின்வாரியம், பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வு, வளைகுடா என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். நாம் தரும் சம்பளத்துக்கு அவர் காத்திருக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

போய்விடுவாரோ என்று பயந்து அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. செய்யாதீர்கள். சான்றிதழுக்காக உட்கார்ந்திருக்கும் ஆள் பாடத்தையும் அப்படியேதான் நடத்துவார். அதைவிட, ‘இந்த ஆண்டு தேர்வு முடியும் வரை இருங்கள், தேர்வுக்குப் படிக்க வாரம் ஒரு பிற்பகல் விடுகிறேன்’ என்று நேரடியாகப் பேசினால் பெரும்பாலும் இருப்பார்கள்.

இன்னொரு ஐ.டி.ஐ.யிலிருந்து வருகிறவர்

சான்று கையில் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, ஆய்வுக் குழு வந்தால் எந்தப் பதிவேட்டை எங்கே வைப்பது என்று தெரியும். தாளாளருக்கு இவரைப் பார்த்ததும் மூச்சு வரும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஏன் அங்கிருந்து வருகிறார்? மூன்று மாதச் சம்பளப் பாக்கி என்றால் அது அவர் தப்பில்லை. அடுத்த தெரு ஐ.டி.ஐ.யில் ஆயிரம் ரூபாய் கூட என்பதற்காக வருகிறவர், அதே ஆயிரத்துக்கு அடுத்த ஆண்டு அங்கேயே திரும்பிப் போவார். ஆலைப் பக்கமே போகாமல் பல வருஷம் ஐ.டி.ஐ.க்குள்ளேயே இருந்தவர் என்றால், தொழிலும் அதே வருஷத்தில் நின்றுபோயிருக்கும். எல்லோரும் இவரைத்தான் முதலில் விரும்புகிறார்கள். என் வரிசையில் இவர் மூன்றாவது.

பகுதி நேரக்காரர்

முழு நேரப் பயிற்றுநர் கணக்கில் இவரைக் காட்ட முடியாது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். ஆனால் சி.என்.சி. (கணினி வழி ஓடும் மெஷின்), பி.எல்.சி. (ஆலை மெஷின்களைக் கட்டுப்படுத்தும் கருவி), மின்வாகனம் போன்றவற்றுக்கு இவரை விட்டால் வேறு வழி குறைவு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்து, ரோபோட்டிக்ஸ், மேம்பட்ட சி.என்.சி., மின்வாகனப் பிரிவுகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்து அரசு நிலையத்தில் ரோபோ கை ஆடிக்கொண்டிருக்கும்போது, தனியார் நிலையத்தில் பழைய லேத்தை மட்டும் காட்டி யாரைச் சேர்ப்பது? மெஷின் வாங்கப் பணம் இல்லாவிட்டாலும், அதைத் தினமும் ஓட்டும் ஆளை வாரம் ஒரு நாளாவது அழைத்துவர முடியும். ஷிஃப்ட் மாறும்போது அவர் வருவது தடைபடும், அதனால் ஆண்டு முழுக்க நடக்கும் பாடத்தை அவர் தலையில் கட்டக் கூடாது. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, குறிப்பிட்ட பயிற்சிகள், வந்தால் அன்றைக்கே பணம். அன்றைக்கே என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘மாசக் கடைசியில பார்த்துக்கலாம் அண்ணே’ என்று சொன்னால் மூன்றாம் சனிக்கிழமை ஆள் இருக்காது.

தேடிப் போக வேண்டியவர்

உங்கள் நிலையத்திலேயே எட்டு பத்து வருஷத்துக்கு முன்னால் படித்துவிட்டுப் போன பையன். துவாக்குடியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒசூரிலோ வேலை பார்க்கிறான். ஐ.டி.ஐ. சான்றோடு மூன்றாண்டு அனுபவம் என்ற தகுதி அவனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. குறைவது பயிற்றுநர் சான்று ஒன்றுதான். சி.ஐ.டி.எஸ். ஓராண்டுப் படிப்பு, அகில இந்திய அளவில் பொதுவான நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை கிண்டியிலேயே தேசியத் திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது. பாடத்தை எப்படிப் பிரிப்பது, செய்முறையை எப்படிப் படிப்படியாகக் காட்டுவது, மாணவனை எப்படி மதிப்பிடுவது என்பதெல்லாம் அங்கே தனிப் பாடமாகவே இருக்கிறது. ஓய்வு பெற்றவரிடம் இல்லாததும் அதுதான்.

இந்தப் பையனை ஏன் முதலிடத்தில் வைக்கிறேன்? மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்கிவிழுவார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் இரும்பைப் பிடித்துவைக்கும் அதே வைஸ் முன்னால் அவனும் விழுந்தவன். வெல்டர் பிரிவில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களே சேரலாம். படிப்பு வராது என்று பள்ளியில் ஒதுக்கப்பட்ட பையன்கள் பலர் அங்கே இருப்பார்கள். அவர்களிடம் ‘நானும் இங்கதான்டா படிச்சேன், இப்ப பாரு’ என்று சொல்லக்கூடிய ஒருவர் நிற்பதும், ஆங்கிலத்தில் வரையறை சொல்லும் ஒருவர் நிற்பதும் ஒன்றாகாது. ஊர் இதே ஊர். கல்யாணம் ஆகி, அப்பா அம்மாவுக்கு வயதாகி, சென்னைப் பக்கம் வாடகை கொடுத்து அலுத்துப்போன 27, 28 வயதில் கூப்பிட்டால் வருவதற்குக் காரணம் இருக்கும்.

சிக்கல் பணத்தில்தான். ஆலையில் ஓவர்டைமோடு அவன் வாங்குவது நம் பயிற்றுநர் சம்பளத்தைவிட அதிகமாகவே இருக்கும். அதோடு ஓராண்டுப் படிப்பு, அந்த ஓராண்டு வருமானம் இல்லை. அதை யார் ஏற்பது? நிலையம்தான் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. படிப்புக் கட்டணமும் மாதாமாதம் ஒரு உதவித்தொகையும் கொடுத்து, திரும்பி வந்ததும் மூன்றாண்டு இருப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். இடையில் போனால் மீதிக் காலத்துக்குரிய செலவைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்; சான்றிதழைப் பிடித்துவைப்பது, அபராதம் என்று மிரட்டுவது கூடாது. செலவாகத்தான் செய்யும். ஆனால் ஆண்டு நடுவில் பயிற்றுநர் போய், 20 பேர் இரண்டு மாதம் பட்டறையில் சும்மா உட்கார்ந்து, அதில் ஐந்தாறு பேர் நின்றுபோய், அந்தச் செய்தி அவர்கள் ஊரெல்லாம் பரவி, அடுத்த ஆண்டுச் சேர்க்கை விழும் கணக்கையும் எதிர்ப்பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை யாரும் எழுதுவதே இல்லை.

புதிதாகத் தொடங்கிய நிலையத்துக்கு இந்த வழி திறக்கச் சில ஆண்டுகள் ஆகும். பழைய மாணவரே இல்லையே!

எப்படிச் சோதிப்பது

ஐந்து வகையில் யாராக இருந்தாலும் நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதை முதல் சுற்றோடு நிறுத்திவிடுங்கள். அப்புறம் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். ஃபிட்டர் பயிற்றுநர் என்றால், முதலாண்டு மாணவன் ராவிய ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுங்கள், நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிந்தும் இருப்பதாகப் பார்த்து. புதுப் பையன்கள் எல்லோருமே அப்படித்தான் ராவுவார்கள், அரம் கையில் ஊஞ்சல் ஆடும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ‘தப்பு’ என்று மட்டும் சொல்கிறவர் ஒரு ரகம். ‘மேடாக இருக்கிறது, அரத்தைச் சமமாகத் தள்ளவில்லை’ என்று காரணம் சொல்கிறவர் இன்னொரு ரகம். நல்ல பயிற்றுநர் ‘அந்தப் பையனைக் கூப்பிடுங்க, அவன் ராவுறதப் பார்க்கணும்’ என்பார். வைஸ் அவன் முழங்கை உயரத்துக்கு இருக்கிறதா, கால் எப்படி வைத்திருக்கிறான், முன்கையில் அழுத்துகிறானா பின்கையிலா என்று பார்ப்பார். அப்படி ஒருவர் கிடைத்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.

வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இதே மாதிரி: துளை விழுந்த ஒரு ஜாயின்ட், ஓடாத ஒரு ஸ்டார்ட்டர். எலக்ட்ரீஷியன் விஷயத்தில் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். பேனலைத் திறப்பதற்கு முன் சப்ளையை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்தாரா? பார்க்காமல் கையை விட்டிருந்தால் எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். பையன்கள் அவரைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.

செய்முறையைப் பார்க்கும்போது நாலு மாணவர்களையும் பக்கத்தில் நிறுத்துங்கள். பிறகு அவர்களிடம் தனியாக, சார் எப்படி என்று கேட்காமல், ‘இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?’ என்று கேளுங்கள்.

பிரிவுவாரியாக என்னுடைய தேர்வு இதுதான். ஃபிட்டருக்கு ஒரு டிப்ளமோ இளைஞர், ஒரு பழைய மாணவர். பழைய மாணவர் படித்து வரும் ஓராண்டுக்கு, சான்றுள்ள ஒருவரை வெளியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மூன்றாம் வகைக்காரர் சரி. எலக்ட்ரீஷியனுக்கு நல்ல டிப்ளமோக்காரர்தான் முதன்மை. சம்பளத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடமும் அது. வெல்டருக்கு, குறிப்பாகத் திருச்சியில், ஓய்வு பெற்றவரை விடக் கூடாது. சான்றுள்ள ஒருவர் பதிவேட்டில் பொறுப்பாக இருக்கட்டும், இவர் ஆலோசகராக முற்பகல் மட்டும் வந்து கையைத் திருத்தட்டும். எழுத்து வேலை எதையும் கொடுக்க வேண்டாம். புதிய பிரிவுகளுக்குப் பகுதி நேரக்காரர்கள் இரண்டு பேர், ஒருவருக்கு ஷிஃப்ட் மாறினால் மற்றவர் வருவதற்காக.

இதையெல்லாம் ஜூலையில் உட்கார்ந்து யோசித்தால் நடக்காது. பழைய மாணவர்களின் தொலைபேசி எண்களைப் பொங்கலுக்கு முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொங்கலுக்குத்தான் அவர்கள் ஊருக்கு வருவார்கள். நேரில் பேசலாம், சி.ஐ.டி.எஸ். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க நேரமும் இருக்கும்.